தோட்டத்துப் பழம்தானே என்று வாயில் போடலாமா?

போன தை மாதம் ஒரு நாள் காலை. வைத்தியசாலையைத் திறந்து அப்போதுதான் உட்கார்ந்தேன். கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி வந்தார். எழுபது வயது தாண்டியிருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் வேரோடு பிடுங்கிய ஒரு செடி, கொஞ்சம் வாடிப் போயிருந்தது.

"ஐயா, இது என்ன செடின்னு நீங்களே சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. மணத்தக்காளி.

"மணத்தக்காளிதானே ஆச்சி! உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். எம் பேரன் ஒத்துக்க மாட்டேங்கிறானே!"

விஷயம் இதுதான். பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்த குடும்பம் பொங்கல் முடிகிற வரை தங்கிவிட்டது. பெங்களூரில் படிக்கிற பேரன் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் செல்போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு செடியாகப் படம் பிடித்துப் பெயர் பார்த்திருக்கிறான். மணத்தக்காளியைக் காட்டியதும் போன் 'நைட்ஷேட்' என்றிருக்கிறது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே தேடினால், 'கொடிய விஷம், பத்துப் பழம் தின்றால் மரணம்' என்று வந்திருக்கிறது. வீடே அலறிவிட்டது. தோட்ட வேலைக்கு வருகிற ஆளைக் கூப்பிட்டு, இருந்த செடி அத்தனையையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். போதாதென்று, ஆச்சி ஜாடியில் போட்டு வைத்திருந்த வற்றலும் குப்பைக்குப் போய்விட்டது.

"அறுபது வருஷமா இந்த வத்தலைத்தான் குழம்பு வச்சுச் சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். எங்க ஆத்தா போட்ட வத்தல், எங்க அப்பத்தா போட்ட வத்தல்... இப்ப விஷம்கிறான். யாரு சொல்றது சரி?"

கேள்வி நியாயமானது. ஆச்சி சொல்வதுதான் சரி. ஆனால் பேரன் சொன்னதிலும் ஒரு சொட்டு உண்மை உண்டு. அந்த ஒரு சொட்டைப் பற்றியும் பேச வேண்டும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

ஒரே பெயர், வேறு வேறு செடி

நைட்ஷேட் என்பது ஒரு செடியின் பெயர் இல்லை. அது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, சுண்டை, தூதுவளை எல்லாமே அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். நம் மணத்தக்காளிக்கு ஆங்கிலத்தில் கறுப்பு நைட்ஷேட் என்று பெயர். ஆளைக் கொல்கிற நைட்ஷேட் என்று அவர்கள் சொல்வது பெல்லடோனா என்கிற வேறொரு செடி. ஐரோப்பாவில் வளர்வது. கண் டாக்டர் கண்மணியை விரிய வைக்கச் சொட்டு மருந்து விடுகிறாரே, அந்த அட்ரோபின் கிடைப்பது அதிலிருந்துதான். அதன் பங்காளிச் செடி ஒன்று காஷ்மீர் பக்கத்து மலைகளில் உண்டு. காரைக்குடிச் செம்மண்ணில், இந்த வெயிலில், அது தானாக முளைக்காது.

பெல்லடோனாவின் பூ மணி மாதிரி தொங்கும், ஊதா கலந்த பழுப்பு நிறம். பழம் ஒவ்வொன்றாகத் தனித் தனியாக இருக்கும். பழத்தின் அடியில் ஐந்து பெரிய இதழ் நட்சத்திரம் போல விரிந்து நிற்கும். மணத்தக்காளிக்கோ மிளகாய்ப் பூ மாதிரி குட்டி வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மூக்கு. பழம் கொத்துக் கொத்தாக. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூட வித்தியாசம் சொல்லிவிடும்.

சரி, பேரன் சொன்னதில் உள்ள அந்த ஒரு சொட்டு உண்மை என்ன? பழுக்காத பச்சைக் காயில் சொலானின் வகை நச்சுச் சத்து உண்டு. பச்சை நிறம் படர்ந்த உருளைக்கிழங்கைத் தூக்கிப் போடச் சொல்கிறோமே, அதே சத்துதான். காய் பழுக்கப் பழுக்க இது குறைந்துகொண்டே போகும். எனவே மணத்தக்காளியில் நன்றாகப் பழுத்த பழம் சாப்பிடலாம். பச்சைக் காயைப் பறித்து அப்படியே மெல்லக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள்.

ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "பச்சைக்காயை யாரு ஐயா திங்கிறா? எங்க வீட்ல அதத் தொடவே விடமாட்டாக" என்றார். பாருங்கள், அவருக்கு விஷயம் தெரிந்தே இருக்கிறது. அது பேரனுக்குப் போய்ச் சேரவில்லை. குறை அங்கேதான்.

நான் செய்த தப்பு

போனைக் குறை சொல்ல எனக்கு முழு உரிமை கிடையாது. அந்தப் போன் செய்த காரியத்தை நானே ஒரு தடவை செய்திருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். தேவகோட்டைப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம். மதியம் அந்த வீட்டு அம்மா போன் செய்தார். நாலு வயசுப் பையன் வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து பழத்தைப் பறித்து ரெண்டு மூணு தின்றுவிட்டானாம்.

"எப்படி இருக்கும்மா பழம்?"

"செவப்பா இருக்குங்க. கொடிதான். இலை கோவை இலை மாதிரி இருக்கு."

"அப்ப கோவைப்பழமாத்தான் இருக்கும். கிளி திங்கிறதுதானே, ஒண்ணும் பண்ணாது. பயப்படாதீங்க."

சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அரை நிமிஷப் பேச்சு. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி போன். பையன் விடாமல் வாந்தி எடுக்கிறான், வயிற்றாலே போகிறது, துவண்டு கிடக்கிறான். உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டான். அந்த மூன்று நாளும் எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாளே அந்த வீட்டுக்குப் போய் வேலியைப் பார்த்தேன். கோவை இல்லை. ஐவிரலிக் கோவை. சிலர் சிவலிங்கக்காய் என்பார்கள், விதை பார்க்க அப்படி இருக்கும். இலை ஐந்து விரலாகப் பிரிந்திருக்கிறது. பழம் கோலிக்குண்டு அளவில் உருண்டை. சிவப்பில் வெள்ளை வெள்ளையாய்க் கோடு. பார்த்திருந்தால் அரை நொடியில் சொல்லியிருப்பேன். பார்க்காமலே சொன்னேன், அதுதான் தப்பு.

1964-ல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில்தான் நான் படித்தேன். குணபாடம் எடுத்த ஆசிரியர் எங்களைக் குற்றாலம், பாபநாசம் மலைப் பக்கம் மூலிகை பார்க்கக் கூட்டிப் போவார். ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு போய், "சார், இது என்ன?" என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "சமூலத்தைக் காட்டு, சொல்றேன்" என்பார். சமூலம் என்றால் வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் சேர்ந்த முழுச் செடி. ஒரு உறுப்பை வைத்துப் பெயர் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். அந்தப் பாடத்தை நான் மறந்தது ஒரே ஒரு தடவைதான். ஆனால் அந்தப் பையனுக்கும் ஒரு உயிர்தானே இருந்தது!

அன்றிலிருந்து போனில் யார் கேட்டாலும் செடியின் பெயர் சொல்வதில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் பழத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அதற்கும் பதில் இதேதான்: முழுச் செடியைக் கொண்டு வாருங்கள்.

குருவி தின்றால் நாமும் தின்னலாமா?

நம் வீடுகளில் காலங்காலமாக ஒரு பேச்சு உண்டு. "பறவை கொத்தின பழம்னா பயமில்லாமத் தின்னலாம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு.

நம் அடுப்படியிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கிளி மிளகாய்ப் பழத்தைச் சாவகாசமாகக் கொரிக்கும். அதன் உடம்புக்கு மிளகாயின் காரம் உறைக்காது. நாம் அப்படிக் கடித்தால் என்ன ஆகும்?

இன்னொரு சாட்சி. மா. கிருஷ்ணன் என்கிற இயற்கையியலாளரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். குயில்கள் மஞ்சள் அரளியின் பழத்தைத் தின்பதைப் பார்த்து, 1952-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் எழுதினார். மஞ்சள் அரளி மனிதனுக்கு எப்படிப்பட்ட விஷம் என்பது ஊருக்கே தெரியும், இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். ஆனால் குயில் அதன் பழத்தைத் தின்றுவிட்டுக் கூவிக்கொண்டிருக்கிறது! பறவையின் வயிறு வேறு, நம் வயிறு வேறு. ஆடு தின்றதே, அணில் தின்றதே என்று சொல்வதும் இதே கதைதான்.

மூன்று செடி, மூன்று ஏமாற்று

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறக்கும்போது, நம் பக்கத்துத் தோட்டங்களில் யாரும் விதைக்காமலே முளைத்துப் பழுத்து நிற்கிறவை பல. எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்க முடியாது. மூன்றே மூன்றை மட்டும் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அதைப் போலவே வேஷம் போட்டு நிற்கும் மற்றதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, மணத்தக்காளி. மிளகுத் தக்காளி என்றும் சொல்வார்கள். முழங்கால், இடுப்பு உயரச் செடி. முள் கிடையாது. பூ வெள்ளை, ஐந்து இதழ். பூங்கொத்து இலைக் கணுவில் வராது. இரண்டு கணுவுக்கு நடுவே தண்டிலிருந்து கிளம்பிக் குடைக்கம்பி மாதிரி விரியும். பழம் மிளகைவிடச் சற்றுப் பெரிது, நசுக்கினால் உள்ளே தக்காளி மாதிரி சாறும் பொடி விதைகளும். பழுத்தால் கறுப்பாகும். இன்னொரு வகையில் ஆரஞ்சுச் சிவப்பாகும். இரண்டும் மணத்தக்காளிதான். ஆனால் சிவப்பு வகையைப் புதிதாகப் பழகுகிறவர்கள் தெரிந்தவரிடம் ஒரு தடவை காட்டிக்கொள்வது நல்லது. வாயில் போட்டுக் கடும் கசப்பு அடித்தால் உடனே துப்பிவிடுங்கள்.

இரண்டாவது, சொடக்குத் தக்காளி. பையன்கள் நெற்றியில் அடித்து 'டப்' என்று வெடிப்பார்களே, அதுதான். காகிதக் கூடு மாதிரி ஒரு பை, அதற்குள் தளர்வாக ஒரு உருண்டைக் காய். பூ வெளிர் மஞ்சள், கணுவுக்கு ஒன்றுதான் பூக்கும். கூடு காய்ந்து சருகாகி, உள்ளே இருக்கிற பழம் மஞ்சளானால் சாப்பிடலாம், புளிப்பும் இனிப்புமாக இருக்கும். பச்சையாக இருக்கும்போது வேண்டாம். இதைப் போல ஏமாற்றுவது அமுக்கரா. அதற்கும் கூடு உண்டு. ஆனால் செடி முழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சு படர்ந்த மாதிரி இருக்கும், ஒரே கணுவில் பல காய் நெருக்கமாக இருக்கும், உள்ளே பழம் நல்ல சிவப்பு. அமுக்கரா பெரிய மருந்துச் செடி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சூரணத்துக்கு எடுப்பது கிழங்கை. பழம் பலகாரம் இல்லை.

மூன்றாவது, கோவை. வேலிக் கொடி. பூ பெரிய வெள்ளை நட்சத்திரம். காய் நீளவாக்கில் விரல் கணு போல இருக்கும். பச்சையாக இருக்கும்போது வெள்ளைக் கோடு ஓடும். பழுத்ததும் கோடு மறைந்து முழுக்க ஒரே சிவப்பு. என் கதையில் வந்த ஐவிரலிக் கோவையின் பழம் உருண்டை, பழுத்த பிறகும் வெள்ளைக் கோடு போகாது. இதை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி அடுப்படியில் ஒட்டி வையுங்கள்: 'சிவந்த பிறகும் கோடு இருந்தால் கோவை இல்லை.'

கிட்டேயே போகக் கூடாதவை

குன்றிமணி: பாதி சிவப்பு, பாதி கறுப்பு. பிள்ளைகளுக்குக் கண்ணைப் பறிக்கும். பல்லாங்குழிக்கு எடுத்து வைப்பவர்களும் உண்டு. முழுசாக விழுங்கினால் தடித்த ஓடு காரணமாகச் சில சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து மென்றாலோ, ஓட்டை போட்டுக் கோத்த மணியை வாயில் வைத்தாலோ உயிருக்கே ஆபத்து. சித்த மருத்துவத்தில் குன்றிமணி உண்டே என்று கேட்பீர்கள். உண்டு, சுத்தி செய்த பிறகு. அது படித்தவன் செய்கிற வேலை. வீட்டில் செய்து பார்க்கிற காரியம் கிடையாது.

காட்டாமணக்கு: நம் ஜில்லாவில் வேலியாகவே நிற்கிறது. 2003-ம் ஆண்டுக்குப் பிறகு பயோ டீசல் பேச்சு அடிபட்டபோது இன்னும் பல இடங்களில் நட்டார்கள். அதன் கொட்டை நிலக்கடலை மாதிரி ருசிக்கும், அதுதான் ஆபத்து. பள்ளிவிட்டு வருகிற பிள்ளைகள் ஒருவன் தின்னப் பார்த்து எல்லோரும் தின்றுவிடுவார்கள். மொத்தமாக வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்கு வருகிற செய்தியைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

மஞ்சள் அரளி: பூ பறிக்க வைத்திருக்கிறோம் என்பார்கள். வைத்திருங்கள். தவழ்கிற, நடக்கிற குழந்தை இருக்கிற வீட்டில் மட்டும் வேண்டாம்.

டுரண்டா: இப்போது புதுசாகக் கட்டுகிற வீடுகளில் அழகுக்கு வேலியாக வைக்கிறார்கள். ஊதாப் பூ, சரம் சரமாய் மஞ்சள் மணிக் காய். நர்சரியில் காசு கொடுத்து வாங்கியது என்பதால் நல்லது என்று அர்த்தம் இல்லை. காய் விஷம்.

உண்ணிச்செடி: கறுத்துப் பழுத்த பழத்தை நாங்களெல்லாம் சின்ன வயதில் தின்றிருக்கிறோம், மறைக்கவில்லை. ஆனால் பச்சைக் காய் குழந்தைகளுக்கு ஆகாது. ஒரே கொத்தில் பச்சையும் கறுப்பும் கலந்து இருக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு நிறம் பிரித்துத் தின்னத் தெரியுமா? வேண்டவே வேண்டாம்.

தெரிந்த பழத்தை எப்படிப் பயன்படுத்துவது?

மணத்தக்காளி வற்றலுக்கு நன்றாக முற்றிய காயாகப் பறிக்க வேண்டும், பிஞ்சு கூடாது. கழுவி, லேசாக நசுக்கி அல்லது கீறி, உப்புப் போட்ட கெட்டி மோரில் ஒரு ராத்திரி ஊற வையுங்கள். காலையில் எடுத்து வெயிலில் காய வைத்து, சாயங்காலம் மறுபடி அந்த மோரிலேயே போடுங்கள். மூன்று நான்கு நாள், மோர் வற்றும் வரை. பிறகு கலகலவென்று காய வைத்து ஜாடியில் போட்டு வையுங்கள். மோரில் ஊறியதால் விஷமெல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சொலானின் சமைத்தாலும் லேசில் போகாது. நம் பெரியவர்கள் வற்றலைக் குழம்புக்கு ஒரு சிறு கை, தொட்டுக்கொள்ள ஒரு ஸ்பூன் என்றுதான் வைத்தார்கள். அந்த அளவில்தான் பாதுகாப்பு இருக்கிறது. காய்ச்சல் விட்டு வாய் கசந்து கிடக்கிறவருக்கு நல்லெண்ணெயில் வறுத்த நாலு வற்றலும் சூடான சாதமும் கொடுத்துப் பாருங்கள், தட்டு காலியாகும்.

கீரையை மண்டி வைக்கலாம், பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம். வாய்ப்புண், வயிற்றுப்புண்ணுக்கு இந்தக் கீரையைச் சமைத்துச் சாப்பிடச் சொல்வது எங்கள் வழக்கம். சமைத்து என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். மஞ்சள் காமாலைக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்று பச்சை இலையை மிக்சியில் அடித்து டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டு வருகிறார்கள். ஏற்கெனவே கல்லீரல் நொந்து கிடக்கிறது. அதன் மேல் ஏன் இந்தப் பாரம்? காமாலை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகுதான் மற்றதெல்லாம்.

கோவை இலைச் சாறும் அப்படியே. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாகவே கோவை இலைச் சாற்றையும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். மூலிகைக்குப் பக்க விளைவு கிடையாது என்று சொல்கிறவர் மூலிகையைப் படிக்காதவர். வேலை செய்கிற எந்தப் பொருளுக்கும் விளைவும் உண்டு, பக்க விளைவும் உண்டு.

இன்னொன்று. செடி சரியானதாக இருந்தாலும் இடம் சரியாக இருக்க வேண்டும். சாக்கடை ஓரம், களைக்கொல்லி அடித்த வரப்பு, எலி மருந்து வைத்த கொல்லைப்புறம், இங்கேயெல்லாம் முளைத்ததைப் பறிக்காதீர்கள்.

குழந்தை தின்றுவிட்டால்...

எந்தப் பழம் என்று தெரியவில்லை, அல்லது சந்தேகம். என்ன செய்வது?

வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்துவிட்டுத் தண்ணீரில் கொப்பளிக்க வையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு, விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். எத்தனை மணிக்குத் தின்றது, சுமாராக எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் செடியில் காயும் இலையும் பூவும் சேர்ந்த ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள், அல்லது வண்டி இருந்தால் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள்.

"பிள்ளை நல்லாத்தானே வெளையாடுது, பாத்துக்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். குன்றிமணி போன்ற சில விஷங்கள் உடனே காட்டாது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூடக் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதற்குள் நேரம் கை நழுவிவிடும்.

இதை ஒரு சித்த வைத்தியனாகவே சொல்கிறேன். விஷம் தின்ற குழந்தையை முதலில் என்னிடம் கொண்டு வராதீர்கள். எங்கள் நூல்களில் விஷ முறிவு உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் ரத்தத்தில் உப்பு எவ்வளவு, இதயம் எப்படித் துடிக்கிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் பார்க்க வேண்டிய நேரத்தில், அதற்கான வசதி இருக்கிற இடத்துக்குத்தான் பிள்ளை போக வேண்டும். இதைச் சொல்வதால் என் வைத்தியத்துக்கு எந்தக் குறைவும் வந்துவிடாது. தன் எல்லை தெரிந்தவன்தான் வைத்தியன்.

ஆச்சிக்கு ஒரு வேலை

பயம் வந்ததும் தோட்டத்தையே மொட்டை அடித்துச் சிமெண்ட் தளம் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அது தீர்வு இல்லை. உங்கள் தோட்டத்தை வழித்துவிடலாம், பள்ளிக்கூட வேலியை வழிக்க முடியுமா? ஊரணிக்கரையை? பிள்ளையின் கண்ணுக்குச் செடியைப் பழக்குவதுதான் காவல்.

செட்டிநாட்டு வீடுகள் பலவற்றுக்கு இப்போது வருஷத்தில் பத்து நாள்தான் உயிர் வருகிறது. நோன்பு, பொங்கல், கல்யாணம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். வளவில் ஓடியாடிவிட்டு அடுத்து ஓடுவது தோட்டத்துக்குத்தான். செடி தெரிந்த ஆயா அடுப்படியில் இருக்கிறார். செடி தெரியாத பேரன் தோட்டத்தில் நிற்கிறான். இரண்டு பேருக்கும் நடுவே முப்பது அடி தூரம் இருக்குமா? அந்த முப்பது அடியைக் கடக்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே அந்த ஆச்சிக்கு நான் மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. "வீட்டுக்குப் போய்ப் பேரனைக் கையோட தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. போனையும் எடுத்துக்கச் சொல்லுங்க. நீங்க செடியைக் காட்டுங்க, பூவைக் காட்டுங்க, காயைப் பிதுக்கிக் காட்டுங்க. அவன் படம் எடுத்து வச்சுக்கட்டும். பழுக்காததைத் திங்காதே, கேக்காம எதையும் வாயில போடாதே, இந்த ரெண்டையும் மறக்காமச் சொல்லுங்க" என்றேன்.

"அவன் கேப்பானா ஐயா?"

"விஷம்னு சொன்னப்ப நீங்க கேட்டீங்கள்ல ஆச்சி? இப்ப அவன் முறை."

சிரித்துக்கொண்டே போனார். பத்து நாள் கழித்து அவர் வீட்டு வேலையாள் ஒரு சம்படம் கொண்டுவந்து கொடுத்தார். எரு அள்ளிப் போட்ட இடத்தில் தப்பிப் பிழைத்த இரண்டு செடியைப் பேரனே தேடிக் கண்டுபிடித்து, பழுத்ததாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தானாம். உள்ளே ஒரு கைப்பிடி கறுத்த பழம். ஒன்றில்கூடப் பச்சை இல்லை.

உங்கள் வீட்டிலும் ஆயாவோ அப்பத்தாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். இல்லாவிட்டால், செடி தெரிந்த ஒரு வைத்தியரையோ, பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரையோ ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்கள். முழுச் செடியாகக் காட்டுங்கள். தெரிந்ததைச் சாப்பிடுங்கள். தெரியாததைப் பறவைக்கு விட்டுவிடுங்கள்.